பத்து நொடிக்கு ஒரு படம்

காலை பத்தரை மணிக்கு நாங்கள் வாளிகளோடு போய் இறங்கியபோது, வீட்டுத் தரகர் கட்டட வாசலிலேயே சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் கைக்குட்டை. அதை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"மூணாவது மாடி, இடது பக்கம். கட்டில், மெத்தை எல்லாம் போன வாரமே தூக்கியாச்சு. சமையலறை, குளியலறை, அப்புறம் அந்தப் படுக்கையறைச் சுவர். இது மூணையும் முடிச்சுக் குடுத்துடுங்க."

"நீங்க மேல வரலையா?" என்று அண்ணி கேட்டாள்.

"இப்பதான் சாப்பிட்டேன்மா. அது வயித்துலயே இருக்கட்டும்."

காலி செய்த வீடுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது பதினேழு வருடமாக அண்ணியின் தொழில். என் அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருடத்தில் பத்து மாதம் வீட்டில் அண்ணியும் அவன் தங்கை நானும் மட்டும்தான். நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு அவளோடு போக ஆரம்பித்தேன். போன இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அழுக்கு வீட்டைச் சுத்தம் செய்வதை வீடியோவாகப் போட்டால் லட்சம் பேர் பார்க்கிறார்கள். நாமும் போடலாமே.

"அடுத்தவன் வீட்டு அழுக்கைப் பாக்கவா ஜனங்க ஃபோனைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு?" என்று அண்ணி சிரித்தாள். ஆனால் தடுக்கவில்லை. எங்கள் தெருவில் கல்யாணப் போட்டோ எடுக்கும் ஒருவரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். எல்லாரையும் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சியே காலம் தள்ளியவர் என்பதால் தெருவில் அவருக்கு 'சிரிங்க' என்றே பெயர்.

என் முதல் வீடியோவில் எங்கள் இருவர் முகங்களும் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துப் போயிருந்தன. இரண்டாவதில் நாங்கள் மங்கலாக விழுந்திருந்தோம், பின்னால் இருந்த துடைப்பம் படு தெளிவாக விழுந்திருந்தது. "துடைப்பத்துக்கு நல்ல எதிர்காலம் இருக்கு," என்றாள் அண்ணி. இது மூன்றாவது. இதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று இருந்தேன்.

கதவைத் திறந்ததும் வாடை வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது.

நான் பல வீட்டு வாடைகளைப் பார்த்துவிட்டேன். எலி செத்த வாடை, அடைத்த குழாயின் வாடை, மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த குளிர்பெட்டியின் வாடை. இது வேறு. துவைக்கவே துவைக்காத தலையணை உறையின் வாடை. அதற்கு அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று. அந்த இனிப்புதான் குமட்டியது. முகமூடியைக் கட்டிய பிறகும் நாக்கின் அடியில் அது தித்தித்துக்கொண்டே இருந்தது.

அங்கே ஒரு கிழவர் தனியாக இருந்திருக்கிறார். லாரி எடைமேடை ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு அவர் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பதினைந்து வருடங்களைக் கழித்தாராம். உட்கார்ந்தபடியே இறந்தும் போனார். பதினோரு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள்.

அந்தச் சுவரை நாங்கள் பார்த்தோம்.

வெள்ளைச் சுவரில் பழுப்பு மஞ்சளாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தலை இருந்த இடம் உருண்டையாக, பளபளப்பாக, எண்ணெய் தோய்ந்த காகிதம் போல. அதற்குக் கீழே கழுத்து, இரண்டு தோள்கள், முதுகு. முதுகின் கீழ்ப்பகுதி கறுத்து, வடிந்து, சுவரும் தரையும் சேரும் இடம் வரை இறங்கியிருந்தது. தலை இருந்த இடத்தில் நாலைந்து நரைமயிர்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன.

அண்ணி அதன் முன்னால் போய் நின்றாள். "பாவம், யாராவது ஒருத்தர் வந்து 'கொஞ்சம் எழுந்து நடங்க'ன்னு சொல்லியிருக்கலாம்," என்றாள். பிறகு வேலைக் கோட்டையும் கையுறையையும் மாட்டினாள்.

நான் சிரிங்கவுக்குப் போன் செய்து, சத்தமாக வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லக் கேமராவைத் திருகினேன்.

"மூணு கால் ஸ்டாண்டுல வெச்சுட்டியா? ஆட்டக் கூடாது. எதையும் ஆட்டோவுல விடாதே. விட்டா மேகம் வந்தா ஒரு வெளிச்சம், போனா ஒரு வெளிச்சம்னு படம் மினுக்கும். ஃபோகஸைச் சுவர் மேல வெச்சுப் பூட்டு. நிறத்தைப் பூட்டு. ஐஎஸ்ஓ நானூறுக்கு மேல ஏத்தாதே, புள்ளி புள்ளியா வரும்."

"இருட்டா இருக்கே."

"அப்ப ஷட்டரை மெதுவாக்கு. அரை நொடி வை. நீங்க ரெண்டு பேரும் அசையறதால கலங்கலாத் தெரிவீங்க. பரவால்ல. அசையாதது மட்டும் கத்தி மாதிரி தெளிவா விழும்."

"சரி."

"பத்து நொடிக்கு ஒரு படம்னு வை. மூணு மணி நேர வேலை முக்கால் நிமிஷத்துல ஓடிடும். கண்ணால பாக்க முடியாத மெதுவான அசைவெல்லாம் அதுல தெரியும். பூ விரியறது, நிழல் நகர்றது… அழகா இருக்கும், பாரு."

கேமரா 'டிக்' என்றது. பத்து நொடி கழித்து மறுபடியும் 'டிக்'. எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் சமையலறைக்குப் போனேன். அதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கழுவுதொட்டியின் ஓட்டையில் விரலை விட்டு இழுத்தபோது, கறுப்பாக, கொழகொழவென்று ஒரு முழ நீளத்துக்கு ஏதோ வந்தது. அதற்குள் முடி இருந்தது, சோற்றுப் பருக்கை இருந்தது, வெட்டிய நகங்கள் இருந்தன. சமையலறைத் தொட்டியில் ஏன் நகம் வெட்டினார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஒருமுறை வாசலுக்கு ஓடிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அரைமணி நேரத்தில் அண்ணி கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரேன். இவ்வளவு சுலபமா வருது."

தலை இருந்த இடம் சுத்தமாக வெளுத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மெல்ல ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் என்றாள். பதினைந்து வருடக் கறை இப்படிப் போகாது. ஆனால் போயிருந்தது. நான் கையைத் தட்டினேன். வீடியோவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அண்ணி மட்டும் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி வெள்ளையாவே இருக்கு," என்றாள். வாளியை எட்டிப் பார்த்தாள். "தண்ணியும் தெளிவா இருக்கு."

"நல்ல சோப்பு போல, அண்ணி."

"அழுக்கு எங்கயாவது போய்ச் சேரணும்ல?"

நான் சமையலறைக்குத் திரும்பினேன். எனக்கு வேலை முடிந்தால் போதும்.

மதியம் ஒரு மணிக்குள் சுவர் முழுக்க வெளுத்துவிட்டது. பக்கத்துச் சுவரோரம், கேமராவுக்கு முன்னாலேயே, தரையில் உட்கார்ந்து, கொண்டுபோன பன்னையும் பிளாஸ்க் தேநீரையும் எடுத்தோம். அண்ணி களைத்துப் போய்ச் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். எனக்குப் பன்னில் வாய் வைக்கவே பிடிக்கவில்லை. வாடை குறைந்திருக்க வேண்டும், கூடியிருந்தது. அண்ணி தேநீரை எடுக்க என் பக்கம் குனிந்தபோது அது அலையாக வந்து அடித்தது.

"முதுகு சில்லுன்னு இருக்கு. சுவர் ஈரமோ?" என்றாள். எழுந்து குளியலறைக்குப் போனாள். தண்ணீர்ச் சத்தமும் பிரஷ் தேய்க்கும் சத்தமும் கேட்டன.

நான் கேமராவை நிறுத்தி, அதன் குட்டித் திரையில் எடுத்த படங்களை ஓட விட்டேன்.

முதலில் சிரிப்பு வந்தது. அண்ணி புகை மாதிரித் தெரிந்தாள். சுவருக்கு முன்னால் ஒரு வெள்ளைப் புகை இங்குமங்கும் அலைந்தது. சிரிங்க சொன்னது போலவே, அசையாத சுவர் கத்தி மாதிரி தெளிவாக இருந்தது. கறையும்.

புகையின் கை கறையின் தலையைத் தொடப் போனது.

தலை விலகியது.

நிறுத்திவிட்டுப் பின்னால் போய் மறுபடி ஓட்டினேன். துணி படுவதற்கு முன்னாலேயே, படத்துக்குப் படம் ஒரு நூல் அளவு, அந்த எண்ணெய்த் தலை துணியிலிருந்து கீழே நழுவியது. தோள்களுக்கு நடுவே இறங்கியது. அண்ணி தோள்களைத் தேய்க்கத் தோள்கள் இறங்கின. அவள் எதையும் துடைக்கவில்லை. அது இடம் விட்டுக்கொண்டே போனது.

சுவரை விட்டுத் தரைக்கு வந்தது.

தரையில் கிடந்த நிழல் என்றுதான் அதை நினைத்திருப்போம். ஒரு மணி நேரத்துக்கு மேலாக அது ஓரத்தோடு ஓரமாக ஊர்ந்திருக்கிறது. முன்பு சுவரில் இருந்தபோது, நான் உள்ளே வந்து கையைத் தட்டிய இரண்டு படங்களில் மட்டும் அது நின்றிருந்தது. நான் போனதும் தொடர்ந்திருந்தது. கடைசியில் பக்கத்துச் சுவருக்கு வந்தது. அங்கே எங்கள் முதுகுக்குப் பின்னால் மெல்ல ஏறி, மறுபடியும் உட்கார்ந்தது.

கடைசிப் படங்களில் நாங்கள் இருவரும் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அசையாமல் உட்கார்ந்திருந்ததால் தெளிவாகத் தெரிந்தோம்.

அண்ணியின் தலைக்கு மேல் அந்தத் தலை இருந்தது.

அவள் அதன் மடியில் சாய்ந்திருந்தாள்.

கடைசிப் படம், அவள் எழுந்த பிறகு எடுத்தது. சுவரில் ஒன்றும் இல்லை.

நான் ஓடினேன். அண்ணி குளியலறைத் தரையில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலைக் கோட்டின் முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவில், யாரோ எண்ணெய்த் தலையை அழுத்தி வைத்தது போல் உருண்டையாக ஒரு கறை.

"அண்ணி, கோட்டைக் கழட்டுங்க."

"ஏன்?"

"கழட்டுங்க."

என் குரலைக் கேட்டு அவள் கழட்டினாள். கோட்டுக்கு உள்ளே சட்டையிலும் அதே கறை, இன்னும் பெரிதாக. சட்டைக்கு உள்ளே, சதையில், அது முழுதாக இருந்தது. தலை, கழுத்து, தோள்கள். அவள் முதுகின் தோல் எண்ணெய்க் காகிதம் போல ஊடுருவித் தெரிந்தது. முதுகெலும்பின் கணுக்கள் அதற்குக் கீழே மங்கலாகத் தெரிந்தன. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

குழாயைத் திறந்து வாளி வாளியாக ஊற்றினேன். தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. சோப்பு போட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

"என்ன இருக்கு அங்க?" என்று அண்ணி கிசுகிசுத்தாள். "உள்ள யாரோ நக்கற மாதிரி இருக்கு. சொல்லேன்."

நான் கேமராத் திரையை அவளிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் உடம்பு அது. அவள் கடைசிவரை பார்த்தாள். ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "துணியைக் கண்டா நகருதுல்ல?" என்றாள்.

"ஆமா."

"அப்ப ஓட்டு. ஆட்டை ஓட்டற மாதிரி ஓட்டு. சுவர்ல கொண்டுபோய் விடு."

படுக்கையறைக்கு வந்தோம். கிழவரின் சுவருக்கு எதிரே அண்ணி எனக்கு முதுகைக் காட்டி முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கையை நீட்டி உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கேமராவை அவள் முதுகுக்கு நேராக வைத்து, ஃபோகஸைப் பூட்டினேன். துடைப்பது, ஒரு படம் எடுப்பது, எது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது, மறுபடி துடைப்பது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. படத்தில்தான் தெரிந்தது. வலது பக்கத்திலிருந்து துணியைக் கொண்டுவந்தால் அது இடது பக்கம் ஒதுங்கியது. மேலே ஏற விடக் கூடாது என்பதில்தான் என் உயிர் இருந்தது. ஒருமுறை கை சோர்ந்தபோது அது கழுத்தின் முடியடி வரை ஏறிவிட்டது. அதைக் கீழே இறக்க இருபது நிமிடம் ஆனது.

தோள். முழங்கை. அது இறங்க இறங்க அவள் கை வீங்கியது போல் மினுமினுத்தது. ஒரு முழு ஆள் அந்தக் கைக்குள் நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மணிக்கட்டு வந்தபோது, தோலுக்கடியில் மடங்கிக் கிடந்த ஒரு காதின் விளிம்பை நான் படத்தில் பார்த்தேன். அதை அண்ணியிடம் சொல்லவில்லை.

"போகுதா?"

"போகுது அண்ணி. கையை எடுத்துடாதீங்க."

"எடுக்கல."

நான்கு மணிக்கு அவளுடைய விரல்களுக்கு நடுவிலிருந்து சுவரில் மஞ்சள் கசிய ஆரம்பித்தது. விரல் விரலாகத் துடைத்தேன். கடைசி விரல் நுனி வெளுத்ததைப் படத்தில் மூன்று முறை பார்த்த பிறகுதான், "இப்ப எடுங்க," என்றேன். 'ச்சப்' என்று ஈரமாக ஒரு சத்தத்தோடு கை பிரிந்தது.

வாளி, துடைப்பம், எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கினோம். அண்ணி என் சட்டையைப் போட்டுக்கொண்டாள். நான் என் வேலைக் கோட்டோடு வந்தேன். அன்றைக்கு அவள் எட்டு முறை குளித்தாள்.

மறுநாள் மத்தியானம் கேமராவை எடுத்துக்கொண்டு சிரிங்கவின் கடைக்குப் போனேன். எதையாவது தப்பாகத் திருகியிருப்பேன், இவர் சிரித்துக்கொண்டே சொல்லித் தருவார் என்று ஓர் ஆசை. அவர் முழுவதையும் பார்த்தார். எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"பூட்டினதெல்லாம் பூட்டினபடிதான் இருக்கு. கேமரா மேல தப்பு இல்லம்மா," என்றார். அதை என் பக்கம் தள்ளிவிட்டு விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "இதை எங்கயும் போட்டுடாதே."

போடவில்லை. அண்ணி ஒரு வாரத்தில் தேறினாள். பத்தாவது நாள் வேலைக்கும் போனாள். முதுகைத் தினமும் பார்த்துச் சொல்லச் சொன்னாள். நானும் பார்த்துச் சொன்னேன். ஒன்றும் இல்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை.

பத்தொன்பதாவது நாள் தரகர் போன் செய்தார்.

"என்னம்மா வேலை பண்ணியிருக்கீங்க? சுவர்ல கறை அப்படியே இருக்காம். வாடகைக்கு யாரும் வர மாட்டேங்கறாங்க. வந்து பாருங்க."

அண்ணியிடம் சொல்லாமல் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் போகாவிட்டால் அவர் அண்ணியைக் கூப்பிடுவார். பட்டப்பகல், பன்னிரண்டு மணி. தரகர் இந்தமுறை மாடிக்கு வந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை.

"ஒண்ணு இருந்துச்சு, இப்ப ரெண்டு இருக்கு," என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. "துடைச்சீங்களா, பூசினீங்களா?"

கிழவர் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு, இன்னொன்று. புதிது, இன்னும் இளமஞ்சள்தான். அவரைவிடச் சின்ன உருவம், ஒடுங்கிய தோள்கள். இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது.

பதினேழு வருடம் இடது கையால் வாளி தூக்கியவர்களுக்கு அப்படி இறங்கும். எனக்கு ஒருத்தியைத் தெரியும்.

என் கைப்பேசியை எதிர்ச் சுவரோரம் ஒரு செங்கல் மேல் நிறுத்தினேன். ஃபோகஸைப் பூட்டினேன். ஒரு படம் எடுத்தேன். வாசலில் தரகரோடு கால் மணி நேரம் நின்றேன். அவர் ஏதேதோ பேசினார்; எதுவும் காதில் விழவில்லை. திரும்ப உள்ளே போய், கைப்பேசியை ஆட்டாமல் இன்னொரு படம் எடுத்தேன்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

பெரியது அசையவில்லை.

சின்னதின் தலை பெரியதன் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. மாலை ஐந்து மணி இருக்கும். அண்ணி வந்து கதவைத் திறந்தாள். கழுத்தை நிமிர்த்தவில்லை, தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது.

"எங்க போய்ட்ட? மத்தியானத்துலேருந்து கழுத்து புடிச்சுக்கிட்டு திரும்பவே மாட்டேங்குது," என்றாள்.

பேசும்போதே சாய்ந்த பக்கத்துக் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். எண்ணெய் மினுங்கிய கையைப் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.